அறை 114

பூங்கா என்கிறார்கள்.
நவம்பரில் வந்து பார்த்தால் பனி,
பனிக்கடியில் எங்கோ கார் நிறுத்தும் கோடுகள்.
பூ என்று சொல்ல
வரவேற்பு மேசையில் ஒரு ஆர்க்கிட்,
அதுவும் பிளாஸ்டிக்.

நான் டோரீன் ஹிரிட்சுக்.
சாஸ்கட்டூனில், பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பூங்காவில்
நான்காம் கட்டடம் என் பொறுப்பு.
கொதிகலன், மின்தூக்கி, எலிப்பொறி.
கதவுகளில் பெயர்ப்பலகை மாட்டுவேன்.
அதிகமும் கழற்றுவேன்.

114-க்கு இருவர் வந்தார்கள்,
மார்கிட் வீபே, கெல்வின் ஓகிமா.
முன்பணம் பாதி, மீதிக்கு ஒரு சிரிப்பு.
மேசை இல்லை, நாற்காலி இல்லை,
ஒரு வாளி கோதுமை இருந்தது,
வாளிக்குள் வண்டு.

மணிக்குள் பிறந்து
மணியைத் தின்று வளர்கிற புழு
கண்ணுக்குத் தெரிவதற்குள்
இரும்புக் குதிரில் பாதி மாவாகிவிடும்.
அது தின்பதைக் கேட்கப்போகிறார்களாம்.
குதிருக்குள் இறக்க ஒரு கம்பி,
கம்பி நெடுக எள்ளளவு காதுகள்.

அதிர்வு அளக்கும் மேசை மூன்றாம் மாடியில் இருந்தது,
பல்கலைக்கழகத்தின் சொத்து.
பகலில் மாணவர்களுக்கு. இரவில்
வாடகைக்கு இருப்பவர் யார் கேட்டாலும்.
அவர்கள் இரவில் கேட்டார்கள்.
மூன்று வாரம் கேட்டு, ஒலியைப் பிடித்துவிட்டோம் என்று
கேக் வெட்டினார்கள்.
கண்ணாடிப் பாலத்துக்கு அப்பாலிருந்து
பூச்சியியல் பேராசிரியர் ந்வோகெடி
சாப்பாட்டு டப்பாவோடு வந்தார்,
காதில் மாட்டிக் கேட்டார்,
கேக்கில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.
"இது வண்டு இல்லை. உங்கள் குளிர்பெட்டி."

குளிர்பெட்டியை நிறுத்தினால் விளக்கு இரைந்தது.
விளக்கை அணைத்தால்
கூரைக்குள் காற்றாடி.
அந்தக் காற்றாடியின் சாவி
என் இடுப்பில்.

விதிப்படி கூடாது.
பிப்ரவரி, மைனஸ் முப்பத்தாறு, இரவு இரண்டு மணி.
நிறுத்தினேன்.
இவ்வளவு பெரிய கட்டடம்
மூச்சைப் பிடித்துக்கொண்டதை
அதற்குமுன் நான் கேட்டதில்லை.
பதினோரு நிமிடம்.
கெல்வின் ஒன்றும் சொல்லாமல்
காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.
தூரத்தில் யாரோ
உறைந்த பனிமேல்
அவசரமில்லாமல் நடந்து போகிறார்கள்.

மார்ச்சில் 116-க்குப் பணம் தீர்ந்தது.
மண்ணை வானிலிருந்து அளக்கும் கம்பெனி,
நல்ல பிள்ளைகள், கணக்கு மட்டும் சரியில்லை.
பெயர்ப்பலகையை நான் கழற்றிக்கொண்டிருந்தபோதே
அவர்களுடைய பொறியாளர் டைரல் பிலச்சுக்
தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு
114-க்குள் போனான்.
ஆறடி தூரம்.
வீடு மாற்றவில்லை, மகளின் பள்ளி மாற்றவில்லை,
சமையலறையில் தொங்கும் கோப்பையைக்கூட மாற்றவில்லை.
வேறு ஊரென்றால் அது ஒரு வருடம்.

ஆண்டறிக்கையில் கட்டம் போட்டு எழுதுகிறார்கள்,
வேலைகள் இத்தனை, முதலீடு இத்தனை,
காப்புரிமை இத்தனை.
பதினோரு நிமிடத்துக்குக் கட்டம் இல்லை.
இருந்தால் என் வேலை போயிருக்கும்,
ஆகவே குறை சொல்லவில்லை.

இரண்டு அறை ஆனார்கள், ஐந்து ஆனார்கள்,
பிறகு தாழ்வாரமே அவர்களுடையது.
போன செப்டம்பரில்
ரயில் பாதையோரம் சொந்தக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள்.
எல்லா ஊரிலும் குடியிருப்பவர் காலி செய்தால்
வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கும்.
இங்கே மேலாளர் கேக் வாங்கி வருகிறார்.
எனக்கு மட்டும்
கதவில் பசையைச் சுரண்டுகிற வேலை.

வாளியை மறந்துவிட்டுப் போனார்கள்.
வாசல் பனிக்குத் தூவும் உப்பை
அதில் வைத்திருக்கிறேன்.

நேற்று 114-க்குப் புதியவர்கள்.
பாலில்லாமல் பால் செய்யப்போகிறார்களாம்,
கண்ணாடிக் குடுவைகளில் ஏதோ வளர்கிறது.
முதல் கேள்வியே காற்றாடியைப் பற்றி.
ஒரு நிமிடம் நின்றாலும் எல்லாம் செத்துப்போகும்,
நிற்காது அல்லவா?

நிற்காது என்றேன்.
சாவியை இடுப்பில் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.